எறும்பு ஏறாமப் பாத்துக்கிடுங்க

கல்யாணமாகி ரெண்டு மாசம் முடியல, வீட்டுக்காரருக்கு லீவு முடிஞ்சு போச்சு. மஸ்கட்டுக்குத் திரும்பிப் போற மாப்பிள்ளை பொண்டாட்டி கையில என்னத்தக் குடுத்துட்டுப் போவாரு? எங்க அக்கா மாப்பிள்ளை ஒரு ஜோடி வளையல் குடுத்துட்டுப் போனாரு. எதுத்த வீட்டுக்காரிக்குப் புது செல்போன். எனக்குக் கெடச்சது எட்டு டப்பா. ஓட்டல்ல பார்சலுக்குச் சட்னி ஊத்திக் குடுப்பாங்களே, அந்தச் சின்ன டப்பா. டப்பாவுக்கு ஒண்ணா உள்ள எட்டுக்கால் பூச்சிக் குஞ்சு இருந்துது.

திருவனந்தபுரம் ஏர்போர்ட்டுக்குப் போற கார்ல ஏறி உக்காந்துட்டு, கண்ணாடிய எறக்கி, "பத்திரம், என்ன?"ன்னாவ. என்னையத்தான் சொல்லுதாவன்னு ஒரு நிமிசம் நெஞ்சு குளுந்து போச்சு. பொறவு சொல்லுதாவ, "ஆறாவது டப்பா தோலுரிக்கப் போகுது, ரெண்டு நாளைக்கு அதுக்குத் தீனி போடாத." வந்துச்சே எனக்கு! எனக்கு மூக்குக்கு மேல கோவம் வரும்னு சுரண்டையில எங்க தெருவுக்கே தெரியும். ஆனா புதுப்பொண்ணு, பக்கத்துல மாமியா நிக்காவ. பேசாம தலைய ஆட்டி வச்சேன்.

வீட்டுக்காரர நான் மச்சான்னுதான் சொல்லுவேன். மச்சான் இப்படின்னு எனக்குக் குத்தாலத்துலயே தெரிஞ்சிருக்கணும். கல்யாணமான புதுசுல ஒருநாள் ஐந்தருவிக்குக் கூட்டிட்டுப் போனாவ. அப்பத்தான் சாரல் தொடங்கி அருவியில தண்ணி விழுது. ஊரே குளிக்கு. இவிய என்னைய அருவிப் பக்கமே கூட்டிட்டுப் போகாம, கடைகளுக்குப் பின்னால ஒரு பழைய மரத்துக்கிட்டக் கூட்டிட்டுப் போயி, மரப் பொந்துக்குள்ள செல்போன் டார்ச்ச அடிச்சுப் பாக்குதாவ. "சத்தம் போடாம வா"ன்னாவ. போனேன். பொந்து வாசல்ல ரெண்டு கால். முடியோட, மஞ்சப் பட்டை போட்ட கால். நான் போட்ட சத்தத்துல மேல இருந்த குரங்கு கையில வச்சிருந்த சிப்ஸ் பாக்கெட்டக் கீழ போட்டுட்டு ஓடிட்டு.

மச்சான் சிரிக்கல. "அது உன்னையப் பாத்துப் பயந்து உள்ள போயிட்டு"ன்னாவ. இது டாரன்டுலா, நம்ம மலை மரங்கள்ல இருக்குற ஜாதி, தாயும் குஞ்சுகளும் ஒரே பொந்துல குடும்பமா இருக்கும், பொட்டை பத்து வருசத்துக்கு மேல கூட இருக்கும்னு அந்த அரை மணி நேரத்துல அவிய பேசுனது, கல்யாணத்துலருந்து அன்னைக்கு வரைக்கும் பேசுனத விட ஜாஸ்தி. நிக்காஹ் அன்னைக்குக் கூட அந்த மூஞ்சியில அப்படி ஒரு சந்தோசத்த நான் பாக்கல. எனக்கு எரிச்சலாவும் இருந்துது, பாக்க ஆசையாவும் இருந்துது.

அதுக்குக் கொஞ்ச நாள் கழிச்சு, இலஞ்சியில அவிய வாப்பா விட்டுட்டுப் போன தோப்புல, காத்துல பழைய பலா மரம் ஒண்ணு சாஞ்சிட்டு. பாக்கப் போனவிய மதியம் வரைக்கும் வரல. வரும்போது கையில தூக்குச் சட்டி. அந்த மரத்துலயும் டாரன்டுலாப் பொந்து இருந்துருக்கு, அது பிளந்து தாய் நசுங்கிச் செத்துப் போச்சாம். குஞ்சுக அதச் சுத்தி ஒட்டிக்கிட்டுக் கெடந்துச்சாம். நல்லா ஓடியாடுன குஞ்செல்லாத்தையும் பக்கத்து மாமரப் பொந்துல விட்டுட்டு, நோஞ்சானா இருந்த எட்ட மட்டும் வீட்டுக்குத் தூக்கிட்டு வந்துட்டாவ. "தாய் இல்லாம இதுக தாங்காது"ன்னாவ. ஒவ்வொண்ணும் என் சுண்டு விரல் நகம் அளவுக்குத்தான் இருந்துது, காலோட சேத்து.

மாமி திட்டுவாவன்னு பாத்தேன். தென்காசியில எந்த மாமியா எட்டுக்கால் பூச்சிய வீட்டுக்குள்ள விடுவா? மாமி மடியில சுளக வச்சு பீடி சுத்திக்கிட்டு இருந்தாவ. எட்டிப் பாத்துட்டு, "யா அல்லா, எத்துனூண்டு இருக்கு"ன்னாவ. பொறவு என்னையப் பாத்து, "சிலந்தியக் கொல்லக் கூடாதுட்டி. நபிகள் நாயகம் குகைக்குள்ள இருக்கும்போது வாசல்ல வலை பின்னிக் காப்பாத்துனது இந்த ஜாதிதான்"ன்னாவ. வீட்டுல ஒட்டடை அடிக்கும்போது கூட "தள்ளிப் போயிரு தாயி, தள்ளிப் போயிரு"ன்னு சொல்லிட்டுத்தான் கம்ப நீட்டுவாவ.

மச்சான் டப்பா மூடியில சூட்டு ஊசியால ஓட்டை போட்டு, அடியில தேங்கா நார்த்தூள் கொஞ்சம், ஒரு துண்டு மரப்பட்டை வச்சுக் குடுத்தாவ. எட்டையும் ஜன்னல் பக்கத்துல ஒரு ஸ்டூல்ல அடுக்கி, ஸ்டூல் கால் நாலையும் நாலு தண்ணிக் கிண்ணத்துக்குள்ள எறக்கி வச்சாவ. தோலுரிக்கும்போது குஞ்சு மாவு மாதிரி மெத்துனு இருக்குமாம், அசைய முடியாதாம். அந்நேரம் எறும்பு ஏறுனா உசுரோட தின்னுருமாம். மாமி அதப் பாத்துட்டுச் சிரிச்சாவ. "இவன் பொறந்தப்ப எறும்பு கடிச்சிரும்னு கட்டில் கால் நாலுக்கும் நான் இப்படித்தான் தண்ணி வச்சேன். இப்ப இவன் பிள்ளைகளுக்கு வைக்கான்."

போறதுக்கு முன்னால எங்க ரெண்டு பேரையும் உக்கார வச்சுப் பாடம் எடுத்தாவ. கொசுவத்தி ஆகாது, சாம்பிராணி ஆகாது, பினாயில் ஆகாது. பீடித்தூள் ஆகவே ஆகாது, புகையிலை பட்டாச் செத்துரும். அன்னைலருந்து மாமி அந்த ரூமுக்குள்ள போறதுன்னாக் கைய சோப்புப் போட்டுக் கழுவி, சேலை முந்தானைய உதறிட்டுத்தான் போவாவ. பிரசவ ரூமுக்குப் போற மாதிரின்னு நான் கேலி பண்ணுவேன். "வாயாடி"ம்பாவ.

நான் என்ன விரும்பியா வளத்தேன்? மொத ஒரு வாரம் டப்பாவக் கையில எடுக்கும்போதே உடம்பு கூசும். வாழப்பழத் தோலப் பாட்டில்ல போட்டு வச்சு, அதுல வர்ற பழ ஈயப் பிடிச்சு, புருவம் பிடுங்குற இடுக்கியால உள்ள விடணும். பொறவு குட்டிக் கரப்பான் பாச்சை. எத்தனை பொம்பளைக்கு மாப்பிள்ளை இல்லாத வீட்டுல பாச்சை பிடிக்கிறது வேலை, சொல்லுங்க? ஆனா ஒருநாள் மூணாவது டப்பாக்காரி, ஈய விட்டதும் பட்டைக்குப் பின்னாலருந்து ஒரு கால மட்டும் வெளிய நீட்டி, தொட்டுப் பாத்து, யோசிச்சு, மெதுவா வந்து வாங்கிக்கிட்டா. அப்பவே நான் விழுந்துட்டேன். பொறவு ஒவ்வொண்ணுக்கும் ஒரு குணம் தெரிஞ்சிட்டு. ஒருத்தி கோவக்காரி, என்னைய மாதிரி, மூடியத் தொறந்தாப் போதும், ரெண்டு முன்னங்காலையும் தூக்கிட்டு நிப்பா. ஒருத்தி சோம்பேறி. ஏழாவது டப்பாக்காரி கூச்சக்காரி, அவ மொகத்தப் பாக்க நாள் கணக்குல காத்துக் கெடக்கணும். தண்ணி சொட்டு விட்டதும் வந்து வாய் வைக்கிறத மொத தடவ பாத்தப்ப, "மாமி, ஓடி வாங்க, தண்ணி குடிக்கா!"ன்னு கத்திட்டேன். மாமியும் ஓடி வந்து பாத்தாவ.

இதெல்லாத்தையும் விட எனக்கு அதுக வேண்டியிருந்ததுக்கு வேற காரணம் உண்டு. அதச் சொல்லாம இந்தக் கதையே இல்ல.

மச்சான் போன மொத வாரம் வீடியோ கால் வரும். சாயந்தரம் மஃரிப் தொழுது முடிச்ச நேரம், அவியளும் வேலை முடிஞ்சு ரூமுக்கு வந்திருப்பாவ. "சாப்டியா?" "சாப்டேன். நீங்க?" "சாப்டேன்." "அங்கன வெயிலா?" "வெயில்தான். அங்கன?" "சாரல்." அவ்வளவுதான். பொறவு ரெண்டு பேரும் திருதிருன்னு முழிப்போம். பொண்ணு பாத்து ஒரு மாசத்துல கல்யாணம், ரெண்டு மாசத்துல பயணம். என்ன தெரியும் எங்களுக்கு ஒருத்தரப் பத்தி ஒருத்தருக்கு? போன வச்சதும், இப்படியே ரெண்டு வருசம் போச்சுன்னா, திரும்பி வர்றப்ப யாரோ ஒரு ஆளுக்குத்தானே நான் கதவத் தொறக்கணும்னு நெனப்பேன்.

ஒருநாள், "குஞ்சுக எப்படி இருக்கு?"ன்னாவ. பின் கேமராவப் போட்டு டப்பாவக் காட்டுனேன். அம்புட்டுத்தான். அன்னைக்கு முக்கா மணி நேரம் போச்சு. அன்னைலருந்து தெனமும் அப்படித்தான். போன் வந்ததும் கேமராவத் திருப்பிருவேன். ஒண்ணாவது டப்பாலருந்து எட்டு வரைக்கும் ஊர்வலம். கோவக்காரி இன்னைக்கு எத்தன தடவ கால் தூக்குனா, யாரு தோலுரிச்சா, யாரு தின்னல. அவிய சிரிப்பாவ, நான் சண்டை போடுவேன், "உங்க பிள்ளைக்கு என்ன அம்புட்டுத் திமிரு?"ன்னு கேப்பேன். எங்களுக்குள்ள இருந்த பேச்சே அந்த எட்டு டப்பாதான். அது இல்லன்னா நாங்க மறுபடியும் "சாப்டியா, சாப்டேன்"தான். இது எனக்கு நல்லாத் தெரியும். அதனாலதான் அதுகள அப்படிப் பொத்திப் பொத்தி வச்சேன்.

சாரல் நல்லாப் பிடிச்ச நேரம், சுரண்டையில எங்க உம்மாவுக்குக் காய்ச்சல்னு போன் வந்துது. ரெண்டு நாள் போயிட்டு வரணும். எட்டுக்கும் வயிறு நெறய தீனி போட்டேன். கூச்சக்காரி டப்பாவுல மட்டும் நார்த்தூள் பூஞ்சை பிடிச்சிருந்துது. அவளப் புது டப்பாவுக்கு மாத்தி, ஈரம் படாம இருக்கட்டும்னு அடுப்பாங்கரை மேல்தட்டுல வச்சேன். ஆட்டோவுல ஏறும்போது மாமிகிட்ட ஒண்ணே ஒண்ணுதான் சொன்னேன்: "மூடியத் தொறக்க வேண்டாம், ஒண்ணும் குடுக்க வேண்டாம். எறும்பு மட்டும் ஏறாமப் பாத்துக்கிடுங்க மாமி."

"நான் பாத்துக்கிடுதேன், நீ போயிட்டு வா"ன்னாவ.

திரும்பி வந்தப்ப மாமி வாசல்லயே நிக்காவ. மூஞ்சியெல்லாம் சிரிப்பு. "ஏட்டி, என்னா எறும்புங்க! மழைக்குப் பயந்து முட்டையத் தூக்கிக்கிட்டு சாரை சாரையா வருது. தண்ணியத் தாண்டி ஜன்னல் திரையப் பிடிச்சு எறங்கப் பாத்துது. விடுவனா? ஒரு எறும்பு அண்டல!"

உள்ள போயிப் பாத்தேன். ஸ்டூல் மேல ஒவ்வொரு டப்பாவையும் சுத்தி வெள்ளை வெள்ளையா வட்டம். கோலம் போட்ட மாதிரி அழகா, இடைவெளி இல்லாம. மூடி விளிம்புலயும் ஒரு சுத்து. எறும்பு சாக்பீஸ். நம்ம வீடுகள்ல சீனி டப்பாவுக்கும் பலகாரச் சட்டிக்கும் போடுவோமே, அதேதான். மச்சான் கொசுவத்தியச் சொன்னாவ, பினாயிலச் சொன்னாவ, பீடித்தூளச் சொன்னாவ. இத மட்டும் சொல்லல. எனக்கும் தோணல.

பகல்ல பட்டைக்கு வெளிய வராத குஞ்சுக எல்லாம் வெளிய நிக்கு. சோம்பேறிக்குக் கால் எல்லாம் நடுங்குது. ரெண்டடி எடுத்து வைக்கா, சாயுதா, மறுபடியும் எடுத்து வைக்கா. மூணாவது டப்பாக்காரி கால் அத்தனையும் உள்ள மடக்கிக் கெடந்தா. தோலுரிக்கிறதுன்னா மல்லாந்து காலை விரிச்சுக் கெடக்கும். இது அப்படி இல்ல.

"என்ன மாமி செஞ்சு வச்சிருக்கீங்க? இது விசம் இல்லையா! எறும்பக் கொல்லுறது இதக் கொல்லாதா?"ன்னு கத்திட்டேன். தெருவுக்கே கேட்டிருக்கும்.

"வெளியதானட்டி கோடு போட்டேன். அதுக உள்ளதான இருக்கு." மாமிக்கு இன்னும் வெளங்கல. பொறவு நடுங்குற குஞ்சக் குனிஞ்சு பாத்தாவ. அவ்வளவுதான், அவிய சிரிப்பு எங்க போச்சோ. மூடி ஓட்டை வழியா சாக்பீஸ் தூள் உள்ள விழுந்திருக்குன்னு நான் சொல்ல வேண்டிய அவசியமே இல்லாமப் போச்சு.

ஈரத்துணியால தொடச்சேன், புது டப்பா, புது நார்த்தூள், எல்லாம் மாத்துனேன். மாமி பின்னாலயே தண்ணிச் சொம்போட நின்னாவ, வாய்க்குள்ள ஓதிக்கிட்டே. ஒண்ணும் பலிக்கல. கோவக்காரி கடைசி வரைக்கும் காலத் தூக்கப் பாத்தா. மறுநாள் விடியும்போது ஏழும் போயிட்டு. அடுப்பாங்கரையில இருந்த கூச்சக்காரி மட்டும் இருந்தா. மாமிக்கு அவ ஞாபகமே வரல, அதான் பொழச்சா.

மாமி ஏழையும் ஒரு வாழையிலைத் துண்டுல எடுத்து, பின்வாசல் மருதாணிச் செடி மூட்டுல குழி தோண்டி வச்சு மூடுனாவ. "அந்தக் குகைய மறச்ச ஜாதிய நான் கொன்னுட்டேனேட்டி"ன்னு மண்ணுலயே உக்காந்துட்டாவ. எனக்கு இருந்த கோவம் எல்லாம் அந்த எடத்துல வத்திப் போச்சு. கையப் பிடிச்சுத் தூக்கி, தண்ணி ஊத்திக் கழுவி விட்டேன். அன்னைக்கு சுளகு மடியில இருந்துது, ஒரு பீடி சுத்தல. சோறும் இறங்கல, ரெண்டு பேருக்கும்.

நான் ஊர்லருந்து வந்த அன்னைக்கு எனக்குத் தலைவலின்னு மச்சானுக்கு மெசேஜ் போட்டுத் தப்பிச்சேன். மறுநாளும் அப்படிச் சொல்ல முடியாதே. கூச்சக்காரிய எட்டு டப்பாவுலயும் மாத்தி மாத்தி வச்சுக் காட்டிருவோமான்னு கூட ஒரு கிறுக்குப் புத்தி வந்துது. நடக்குமா? அவிய ஒவ்வொருத்தியையும் நடையப் பாத்தே சொல்லிருவாவ. "எறும்பு தின்னுட்டுன்னு சொல்லிருவோமாட்டி?"ன்னாவ மாமி. சொல்லிட்டு அவியளே, "வேண்டாம், கொன்னது பத்தாதுன்னு பொய் வேறயா"ன்னு தலையில அடிச்சுக்கிட்டாவ.

போன் அடிச்சுது. நான் கைய நீட்டுறதுக்குள்ள மாமி எடுத்துட்டாவ. அதுவரைக்கும் அவிய அந்தப் போனத் தொட்டதே இல்ல, நான்தான் பிடிச்சுக் குடுப்பேன்.

"ஏலே, நான்தாம்லே கொன்னேன். அவ மேல கோவப்படாத, அவ ஊருக்குப் போயிருந்தா. எறும்பு சாக்பீஸ் போட்டேன். ஏழும் மௌத்தாயிட்டு. அவ ஊர்லருந்து வந்து ஒரு பருக்கை தின்னல."

அந்தப் பக்கம் ஏசி ஓடுறது மட்டும் கேக்கு. நான் முந்தானையக் கடிச்சுக்கிட்டு நிக்கேன்.

"எறும்பு வந்துச்சா உம்மா?"

"சாரை சாரையா வந்துச்சுலே."

"அப்ப நீ என்ன செய்வ?" பொறவு, "என்னைய எறும்பு கடிக்காம வளத்தவ நீ. அதுகளையும் அப்படித்தான பாத்த. சாக்பீஸ நான்தான் சொல்லாம விட்டுட்டேன்"ன்னாவ. கொரல் கம்மியிருந்துது. மாமி போனக் கன்னத்துல வச்சுக்கிட்டு விசும்பி விசும்பி அழுதாவ. "சரி உம்மா, அழாத, போய்ச் சாப்டு. வைக்கேன்."

வச்சுட்டாவ. என்னையக் கேக்கல.

அன்னைக்கு நான் பட்ட பாடு அல்லாவுக்குத்தான் தெரியும். குஞ்சுகளுக்காக அழுகிறதா, எனக்காக அழுகிறதான்னு தெரியல. இனி என்னத்தக் காட்டுவேன்? ஒரே ஒருத்தி, அவளும் பட்டைக்குப் பின்னால ஒளிஞ்சுக்கிடுற கூச்சக்காரி. எத்தன நிமிசம் பேச முடியும் அவளப் பத்தி? நாளைக்கு "சாப்டியா", நாளான்னைக்கு அதுவும் இருக்காது. முடிஞ்சு போச்சுன்னுதான் நெனச்சேன்.

மறுநாள் மஃரிப் தொழுதுட்டு, கூச்சக்காரி டப்பாவ ஸ்டூல்ல தனியா வச்சு முன்னால உக்காந்தேன். தண்ணிக் கிண்ணம் நாலும் நெறஞ்சு இருந்துது. போன் வருமான்னு பாக்குதேன், வரல. வராதுன்னு எந்திரிக்கப் போனேன், வந்துட்டு.

வழக்கம் போலப் பின் கேமராவத் திருப்பிக் காட்டுனேன். பட்டைக்கு வெளிய ஒரு கால் நுனி தெரிஞ்சுது. "நல்லா இருக்காளா?"ன்னாவ. "இருக்கா." "தின்னாளா?" "ஒரு பாச்சை தின்னா." அதோட முடிஞ்சுது. அடுத்த டப்பான்னு சொல்ல அடுத்த டப்பா இல்ல. இப்ப வச்சிருவாவன்னு காத்திருந்தேன்.

"கேமராவத் திருப்பு"ன்னாவ.

"எதுக்கு?"

"திருப்பேன்."

"தலையில எண்ணெய் வச்சிருக்கேன். பழைய நைட்டி."

"இருக்கட்டும். எம்புட்டு நாளாச்சு உன் மூஞ்சியப் பாத்து. நான்தான் கேக்கல, நீயாவது காட்டிருக்கலாம்ல."

திருப்பினேன். ரொம்ப நேரம் பாத்தாவ. நான் வேற எங்கயோ பாத்தேன். "ஊர்லருந்து வந்து ஒரு பருக்கை தின்னலயாமே. உம்மா சொன்னா. மூஞ்சி வாடிப் போயிக் கெடக்கு"ன்னாவ. அதுக்கு மேல என்னால முடியல. செத்துப் போன ஏழுக்கும், அவிய போன பொறவு நான் தவிச்சதுக்கும் சேத்து அழுது தீத்துட்டேன். அவிய "அழாத"ன்னு சொல்லல, போனையும் வைக்கல. உங்க உம்மாவுக்குக் காய்ச்சல் எப்படி இருக்கு, சுரண்டையில உங்க தெரு எப்படி, சின்னப் பிள்ளையில இப்படித்தான் கத்திக் கத்தி அழுவியான்னு ஒவ்வொண்ணாக் கேட்டாவ. கத்தித்தான் அழுவேன்னு சொன்னேன். அதுலருந்து நான் சண்டை போட்ட கதையெல்லாம் சொன்னேன். அவிய சிரிச்சாவ. பக்கத்துல இருந்த டப்பா ரெண்டு பேருக்கும் மறந்தே போச்சு.

ராத்திரித் தொழுகைக்கு இஷா பாங்கு சொன்னப்பத்தான் நேரம் தெரிஞ்சுது. "நாளைக்கும் இதே நேரம்"ன்னாவ. "அவதான் பாச்சை தின்னுட்டாளே. நீ மொதல்ல போய்ச் சாப்டு."

எந்திரிச்சுப் போயி சோத்துப் பானையத் தொறந்தேன். மாமி கூடத்துல அப்படியே சுவரப் பாத்து உக்காந்திருந்தாவ. ரெண்டு தட்டு எடுத்து வச்சேன்.